எங்கள் முதல் கேசட்டும் ஃபவுண்டரிச் சங்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் திருவொற்றியூரில் நடந்த களேபரத்துக்கு நான் காரணம் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி நம்பவில்லை. என் மகள் நம்பவில்லை. என்னோடு மேடையில் நின்ற இரண்டு பேரே நம்பவில்லை. நீங்களாவது முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் நம்பாமல் இருங்கள்.

எங்களுடையது மூன்று பேர் கொண்ட பேண்டு. நான் கிடார். ராயபுரம் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசித்து வாசித்து விரல் காய்த்தவன். குமாரு பாடகன், காலடிப்பேட்டைக்காரன், கானா பாடினால் தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும். பாஷா டிரம்ஸ். மூன்று பேருடைய அப்பாக்களும் ஒரே ஃபவுண்டரியில், இரும்பை உருக்கி வார்க்கும் ஆலையில், வேலை பார்த்தார்கள். அதனால் பேண்டுக்கு 'ஃபர்னஸ்', அதாவது உலை, என்று பேர் வைத்தோம். (இங்கிலீஷில் பேர் இருந்தால்தான் பேண்டு, இல்லாவிட்டால் கச்சேரி என்பது அப்போது எங்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை.)

சினிமாவுக்கு வெளியே தமிழில் பாட்டு என்றால் ஒன்று பக்திப் பாட்டு, இல்லையென்றால் கட்சிப் பாட்டு என்றிருந்த காலம். நாங்கள் எங்கள் தெருவைப் பற்றி, ஷிப்டைப் பற்றி, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி எட்டுப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வைத்திருந்தோம். இதை யாராவது பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். என் அப்பா சூசை கேட்ட ஒரே கேள்வி, "சாம்பலப் பத்தி பாட்டு எய்தினா சாம்பல் கொறையுமா?" என்பதுதான்.

அப்பா எனக்கு ஒரு கெடு வைத்திருந்தார். பாரிமுனையில் கேசட் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் வெளியீட்டு விழாவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கேசட்டை அவர் எடுத்துக்கொண்டால் தமிழ்நாடு முழுக்கக் கடைகளுக்குப் போகும். நான் இசைக்கலைஞன். எடுக்காவிட்டால், அடுத்த திங்கட்கிழமை அப்பாவோடு ஃபவுண்டரிக்குப் போய் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும். தொழிலாளி பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய இடம் ஒன்று காலியாக இருந்தது, அப்பா அதற்குச் சொல்லியும் வைத்துவிட்டார். விழாவுக்கு வாங்கள் என்று கூப்பிட்டதற்கு அவர், "உன் கூத்துக்கு நான் லீவு போடணுமா? எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டு கீது" என்றார்.

பதிவு செய்த கதையைச் சொன்னால் அதற்கே தனியாக வயிறெரியும். ராயபுரத்தில் ஒரு மாடியில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு ஸ்டூடியோ. அங்கே பெரும்பாலும் மாதா பாட்டுகளைப் பதிவு செய்வார்கள். ஸ்டூடியோ வைத்திருந்த பெனடிக்ட் அண்ணன் நல்ல மனுஷர். ஆனால் எதைப் பதிவு செய்தாலும் எக்கோ போடாமல் அவரால் இருக்க முடியாது. குமாரு "கலீஜ் தண்ணி" என்று பாடினால் "தண்ணி... ண்ணி... ண்ணி" என்று வானத்திலிருந்து அசரீரி மாதிரி கேட்கும்.

"அண்ணே, இது சாமி பாட்டு இல்லண்ணே" என்றேன்.

"எக்கோ இல்லன்னா பாட்டு வறண்டு பூடும், தம்பி. எனுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

முட்டை அட்டையை நம்பி உட்கார்ந்தால், அதையும் தாண்டி கண்டெய்னர் லாரி ஹாரன் வரும். கூட்ஸ் வண்டி வரும். துறைமுகத்தில் கப்பல் ஊதும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்படி வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. துரத்தினாலும் போகாத சத்தத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன?

எங்கள் ஃபவுண்டரிச் சங்கை, ஷிப்ட் மாறும்போது ஊதும் அந்த சைரனை, கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். தரையிலிருந்து உறுமிக்கொண்டே ஏறி, ஒரு ஸ்வரத்தில் போய் ஆடாமல் அசையாமல் நிற்கும். அந்த ஸ்வரம் ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது, இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கும். நான் என் கிடாரின் ஆறு கம்பிகளையும் முறுக்கி முறுக்கி அந்தச் சங்குக்குச் சுதி சேர்த்தேன். ஆல்பத்தின் முதல் பாட்டு அந்தச் சங்கோடு ஆரம்பிக்கும். சங்கு நீளமாக ஊதி அடங்கப்போகும் நேரத்தில் என் கிடார் அதே ஸ்வரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே ஏறும். அந்த இடத்தைக் கேட்டால் எனக்கே புல்லரிக்கும். இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல யோசனைதான்.

ஃபவுண்டரி கேட்டுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துச் சங்கைப் பிடித்தோம். டேப் ரெக்கார்டரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் குமாரு. இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். சங்கு கேசட்டில் அசலாக விழுந்திருந்தது. அதில் மட்டும் பெனடிக்ட் அண்ணனை எக்கோ போட விடவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விழா எங்கள் தெருவிலேயே. சாமியானா, வாடகை நாற்காலி, அண்ணாச்சிக்கு மட்டும் வெல்வெட் போட்ட நாற்காலி. மைக் செட் தயாளனுடையது. தயாளனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "ரொம்பத் தூரம் கேக்கணும் தலைவா." அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? ஸ்பீக்கர் குழாய்களைத் தெரு நெடுகக் கட்டிக்கொண்டே போய், கடைசிக் குழாயை ஃபவுண்டரி மதில் ஓரமிருந்த கம்பத்தில் கட்டிவிட்டான். நான் தூரம் என்றுதான் சொன்னேனே தவிர ஃபவுண்டரி மதில் என்று சொன்னேனா? கேட்டால், "நீதானே தூரமா கட்டச் சொன்னே" என்கிறான், இந்த நிமிஷம் வரைக்கும்.

ஏழு மணிவாக்கில் தெரு நிறைந்துவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் குளித்து, பவுடர் போட்டு, பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது ஷிப்ட்டுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லாம் முன்வரிசைப் பக்கம். என் அம்மா ஸ்டெல்லா, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வரவில்லை என்ற குறையே தெரியாத மாதிரி அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம், "எம்புள்ளதான். கிட்டாரு வாசிப்பான். சோக்கா வாசிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம். அவர் முதல் கேசட்டை வெளியிட்டு, மைக்கில், "தம்பிங்க கூட்டம் நல்லா சேத்திருக்காங்க. முதல்ல கேசட்டைப் போடுங்க, பதிவு எப்படின்னு பார்ப்போம். பிறகு நேர்ல வாசிங்க" என்றார். அவருடைய பார்வை முழுக்கக் கூட்டத்தின் மேல்தான். வியாபாரி கண் அது. நான் பாஷாவைப் பார்த்தேன். பாஷா, "மாமு, ஆளு வுயுந்துட்டாரு" என்று காதில் கிசுகிசுத்தான்.

தயாளன் கேசட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றினான்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஃபவுண்டரியில் சங்கு ஊதுவது காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுப்பது முதல் உலை வைப்பது வரை எல்லாம் அந்தக் கணக்கில்தான். அந்த நேரம் தவிர வேறு நேரத்தில் ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம், உள்ளே விபத்து. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருமுறை அப்படி ஊதியிருக்கிறது. உலை வெடித்த அன்று. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடி, கேட்டுக்கு வெளியே சாயங்காலம் வரைக்கும் நின்றாள். அப்பா வந்தார். வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை. அந்த நாளை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள்.

"இது தெரிந்தவன் எப்படிடா அந்தச் சங்கைப் பாட்டில் வைத்தாய்?" என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். ஸ்டூடியோவில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது சங்காகவே இல்லாமல் போய்விட்டது. எனக்கு அது சுதி, பாட்டின் வாசல்படி. அதுவும் இது கேசட்டில் வரும் சங்கு. வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டிய சங்கு. அதைக் கொண்டுபோய் ஃபவுண்டரி மதிலில் கட்டுவான் ஒருத்தன் என்று எந்தக் கலைஞனுக்காவது தோன்றுமா?

சங்கு தரையிலிருந்து உறுமிக்கொண்டு ஏறியது. தெருவில் இருந்த எல்லாக் குழாய்களிலும் ஏறினாலும், மதில் ஓரக் குழாயின் சத்தம் அசல் சங்கு வரும் திசையிலிருந்தே வந்தது.

முதலில் எழுந்தவள் என் அம்மா.

அவள் மேடையைப் பார்க்கவே இல்லை. செருப்பைக்கூடப் போடாமல், பட்டுப்புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் முன்வரிசை முழுக்க ஓடியது. "ஐயோ மாதாவே!" என்று ஒரு குரல். "அல்லா!" என்று பாஷாவின் அம்மா. நாற்காலிகள் சாய்ந்தன, பிள்ளைகள் அலறின. நான் மைக்கைப் பிடித்து, "ஓடாதீங்க! அது பாட்டு! பாட்டுதான்!" என்று கத்தினேன். ஆனால் மைக்கை தயாளன் அணைத்து வைத்திருந்தான், சங்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தயாளனும் மைக் செட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். அவன் தம்பியும் உள்ளே.

சரி, அவர்களையாவது மன்னிக்கலாம். குமாரு! தன் கையால் டேப் ரெக்கார்டரைத் தூக்கிப் பிடித்து அந்தச் சங்கைப் பதிவு செய்த குமாரு, மேடையிலிருந்து குதித்து, "நைனா! நைனா!" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே ஓடினான்! பாஷா டிரம் குச்சியோடு ஓடினான். நானும் ஓடினேன். நான் ஓடியது அம்மாவை நிறுத்தத்தான். (வீட்டில் இதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "நீயும் பயந்துதான் ஓடினே" என்கிறார்கள். அபாண்டம்.) கழுத்தில் கிடார் தொங்க, அது தொடையில் இடிக்க இடிக்க, "எம்மா! அது பாட்டும்மா! என் பாட்டும்மா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஓடும்போது பின்னால் கேட்டது. சங்கு அடங்க, என் கிடார் அந்த ஸ்வரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே ஏறியது. அழகான இடம். கேட்க ஒரு ஆள் இல்லை. அழுகைச் சத்தத்தில் ஓடுகிற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பிறகு எங்கள் ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும், நான்கு பாட்டும், காலி நாற்காலிகளுக்கும் இரண்டு நாய்களுக்கும் முன்னால் வெளியாகி முடிந்தது.

காலி நாற்காலிகள் என்று சொன்னேன், அண்ணாச்சியின் வெல்வெட் நாற்காலியும் அதில் ஒன்று. மணலி, எண்ணூர் என்றால் விஷ கேஸ் கசியும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மேஜையிலிருந்த பன்னீர் சோடாவைக் கைக்குட்டையில் ஊற்றி மூக்கில் பொத்திக்கொண்டு, மாலையும் பொன்னாடையுமாக ஓடி ஆட்டோவில் ஏறியதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். முதல் பிரதியையும் மேஜையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேட்டில் ஊரே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களும் சங்கைக் கேட்டிருக்கிறார்கள். எங்கேயோ என்னவோ ஆகிவிட்டது என்று இவர்கள் அங்கேயிருந்து ஓடி வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் இரண்டு கூட்டமும் நடுவில் மோதிக்கொண்டன. என் அம்மா அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, கரி அப்பிய முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடி, அப்பாவைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், நல்லா கீறியா? எங்கியும் அடி இல்லியே?"

"எனுக்கு இன்னாடீ? நீ ஏன் இங்க வந்தே? வூட்ல இன்னா?"

"சங்கு ஊதிச்சேய்யா!"

"நாங்க ஊதலியே!"

அம்மா அவர் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். என் இருபது வயசுக்குள் அவர்கள் இரண்டு பேரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் பின்னால் போய்விடலாம் என்று நினைத்த நேரம் பார்த்து, அம்மாவின் தலைக்கு மேலே அப்பாவின் கண் என்மேல் விழுந்தது. பிறகு என் கழுத்தில் தொங்கிய கிடார்மேல். பிறகு மதில் ஓரக் கம்பத்தில் கட்டியிருந்த குழாயின்மேல். அதில் குமாரு எக்கோவோடு, "சாம்பல்... ம்பல்... ம்பல்" என்று பாடிக்கொண்டிருந்தான்.

"நீயாடா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான் கேட்டார். அதற்குள், உருக்கி எடுத்த இரும்புக் குழம்பு அச்சில் ஊற்ற ஆளில்லாமல் சட்டியிலேயே உறைந்துபோன செய்தியும் உள்ளேயிருந்து வந்துவிட்டது.

மறுநாள் பாரிமுனைக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "தம்பி, உங்க பாட்டு சனங்களை ஓட வைக்குது. எனக்கு நின்னு கேக்க வைக்கிற பாட்டுதான் வேணும்" என்றார். பாட்டே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் நீங்கள் ஓடிவிட்டீர்கள் அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா என்னை மானேஜரிடம் மன்னிப்புக் கேட்க அழைத்துப் போனார். மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சூசை, இந்தப் பையன் வெளியே இருந்தால்தான் கம்பெனிக்கு ஆபத்து. உள்ளே சேர்த்துவிடு" என்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணிச் சங்குக்கு நான் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குள் போனேன். அந்தச் சங்கு ஒவ்வொரு நாளும் என் காதுக்குள் வந்து, பாட்டு எங்கேடா என்று கேட்டது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்த சங்கின் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் வரும்வரைக்கும் ஷிப்ட்டுக்கு என்ன செய்வது? பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன்கிட்ட அந்தக் கேசட் இன்னும் இருக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், அன்னிக்கு அதுக்காக என்னை அவ்ளோ பேசினீங்களே!"

"ஊரே அசல்னு நம்பின சங்குப்பா அது. இதைவிட என்ன வேணும்? கொண்டு வா."

பாட்டையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் தருகிறேன் என்றேன். "பாட்டெல்லாம் வேண்டாம். சங்கு மட்டும்" என்றார். என்னிடம் விற்காமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி மாணிக்கம் என்று ஒருவர். அவரிடம் டேப் ரெக்கார்டரையும் ஒரு ஸ்பீக்கர் குழாயையும் ஒப்படைத்தார்கள். தினமும் மூன்று வேளை எங்கள் ஆல்பம் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒலித்தது. எந்தப் பாடகனுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? ஆனால் சங்கு அடங்கி, என் கிடார் கம்பியில் விரல் படப்போகிற அந்த நொடியில் மாணிக்கம் 'டக்' என்று நிறுத்திவிடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்த ஸ்வரம் வாங்க ஆளில்லாமல் அந்தரத்தில் தொங்கும். நான் மிஷின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். "மாணிக்கண்ணே, ஒரு நாள் கொஞ்சம் லேட்டா நிறுத்துங்கண்ணே" என்று கெஞ்சியிருக்கிறேன். "பேஜாரு பண்ணாத நைனா, என் வேலை பூடும்" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் மாணிக்கத்தின் கையில் டீ கொட்டிவிட்டது. அவர் கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சங்கு அடங்கியது. கிடார் வாங்கிக்கொண்டு மேலே ஏறியது. குமாரு பாட ஆரம்பித்தான். நான் உள்ளே முதல் ஷிப்ட் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். வெளியே, உள்ளே வர வேண்டிய கூட்டம் ஒன்றையும் கவனிக்காமல் அவசர அவசரமாக வருகைக் கார்டு போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது. யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. மாணிக்கம் ஈரக் கையோடு ஓடி வந்து நிறுத்துவதற்குள் பாட்டு முடிந்தே போயிருந்தது. கேட்டையும் மூடிவிட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "உம்புள்ளையால எனக்கு இன்னிக்கி அரை நாள் ஆப்சென்ட்" என்றார்.

"நான் இன்னா பண்ணேன்?" என்றேன், எகிறிக்கொண்டு.

"அந்தப் பாட்டு ஓடிச்சில்ல. கேட்டாண்ட நின்னுட்டேன். அதுக்குள்ள கதவ மூடிட்டானுங்க."

"உள்ள போயிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

அப்பா மீன் முள்ளை ஒதுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அது எப்பிடிடீ, பாதியில வுட்டுட்டுப் போவ முடியும்?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டு வரத் தாமதமானால், என் மகள் 'ஊஊ' என்று சங்கு ஊதி, 'டக்' என்று நிறுத்துவாள். உள்ளேயிருந்து, "பாதியில வுட்டுட்டு வர முடியுமா?" என்று பதில் வரும். வீடே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எங்கள் ஆல்பத்தைக் கேட்டு அம்மா ஓடினாள், குமாரு ஓடினான், அண்ணாச்சி சோடாவோடு ஓடினார். நின்று கேட்டவர் என் அப்பா ஒருத்தர்தான். அந்த மனுஷனுக்கு அரை நாள் ஆப்சென்ட் போட்டார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.